நோட்டில் ஏறாத பதினாறு

லிஃப்ட் கம்பெனியில் மெக்கானிக்குகள் பன்னிரண்டு பேர். அதில் ஒருவருக்கு மட்டும் ‘ஹெட்மாஸ்டர்’ என்று பட்டப்பெயர். பள்ளிக்கூடத்துக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, பத்தாவதோடு படிப்புக்குக் கும்பிடு போட்டவர். பெயர் வந்தது ஓர் அட்டையால். ஒவ்வொரு கட்டடத்திலும் மொட்டைமாடிக்கு மேலே மோட்டார் அறை இருக்கும், அதற்குள் ஓர் ஆணியில் அட்டை தொங்கும். தேதி, கயிறு எப்படி இருக்கிறது, பிரேக் பிடிக்கிறதா, கதவு சரியாகப் பூட்டுகிறதா, கடைசியில் பார்த்தவர் கையெழுத்து. மற்றவர்கள் எல்லாக் கட்டத்திலும் ‘ஓகே’ என்று கிறுக்கிவிட்டு டீ குடிக்க இறங்கிவிடுவார்கள். இவர் மூடியைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பார்க்காமல் பேனாவைத் திறக்க மாட்டார். அது மட்டுமா, அடுத்தவன் எழுதிய அட்டையையும் படித்துப் பார்த்து, மறுநாள் அவனை ஆபீசில் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்குவார். “எழுதலைன்னா நீ பார்க்கலைன்னு அர்த்தம். பார்க்காம எழுதினா நீ மனுஷனே இல்லைன்னு அர்த்தம்.” அப்புறம் ஹெட்மாஸ்டர் என்று பெயர் வராமல் என்ன செய்யும்?

ஒரு தடவை ஒரு குடியிருப்பின் செயலாளர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். “கயிறு தேஞ்சிருக்குன்னு எழுதிடாதீங்க சார். யாராவது படிச்சா பயந்துடுவாங்க.”

“பயப்படட்டுமே சார். பயந்தா படியேறிப் போவாங்க. முழங்கால் வலிக்கும், அவ்வளவுதான்” என்று சொல்லிவிட்டுக் கொட்டை எழுத்தில் எழுதினார்.

இந்த மனுஷன்தான் சொந்தப் பிள்ளை விஷயத்தில் எழுத வேண்டியதை எழுதாமல் விட்டார். சொன்னால் அவரோடு வேலை பார்த்தவர்கள் யாரும் நம்ப மாட்டார்கள்.

பிள்ளை ஒன்றே ஒன்று. பெண், ஒன்பது வயது. வீட்டிலும் தெருவிலும் எல்லாருக்கும் அவள் ‘பாப்பா’. “நான் ஒண்ணும் பாப்பா இல்ல, நாலாம் கிளாஸ்” என்று அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பிறக்கும்போதே இதயத்தில் ஓட்டை. ஒன்றரை வயதில் ஆபரேஷன் ஆனது. நெஞ்சின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு தழும்பு. அதற்கு அவள் வைத்த பெயர் ‘ஜிப்’. புதிதாகப் பழகும் பிள்ளைகளிடம், “என் ஜிப்பைப் பார்க்கிறியா?” என்று சட்டைப் பொத்தானைத் திறந்துவிடுவாள். அம்மா ஓடி வந்து மூடுவாள். இதயம் தேறியது என்றாலும் முழுசாகத் தேறவில்லை, படியேறினால் உதடு நீலம் பூக்கும். ஊர் லிஃப்டையெல்லாம் பார்த்துக்கொண்ட அவர் குடியிருந்த கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது, வீடோ மூன்றாவது மாடி. தினமும் அவர்தான் தூக்கிக்கொண்டு ஏறுவார். “அப்பா லிஃப்ட், மூணாவது மாடி” என்று அவர் மூக்கை அமுக்குவாள். அவரும் மோட்டார் மாதிரி உறுமிக்கொண்டே ஏறுவார். இரண்டாவது மாடியில் மூச்சு வாங்கி நின்றால், “கம்பெனிக்கு போன் போடுங்க, லிஃப்ட் ரிப்பேர்” என்பாள்.

அந்தக் கஷ்டம் போதாதென்று ஐந்து வயதில் வலிப்பு வந்தது. முதல் வலிப்பே பதினோரு நிமிஷம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் பிள்ளையின் நகமெல்லாம் கறுத்துவிட்டது. அந்தப் பதினோரு நிமிஷத்தை அவரும் சரி, அவர் மனைவியும் சரி, சாகும்வரை மறக்கப் போவதில்லை. பிழைத்ததே பெரிய விஷயம் என்றார்கள்.

அதற்குப் பிறகு வந்தவை எல்லாம் சின்னச் சின்னவை. விழுவதில்லை, வெட்டி இழுப்பதில்லை. கண் ஒரே இடத்தில் குத்திட்டு நிற்கும், வலது கை மட்டும் கவுன் ஓரத்தைப் பிடித்துப் பிடித்து இழுக்கும். பத்து விநாடி, இருபது விநாடி. அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி விட்ட இடத்திலிருந்து பேசுவாள். வலிப்பு என்ற சொல்லை அந்த வீட்டில் யாரும் சொல்வதில்லை. “வந்துச்சா?” “வந்துச்சு.” அவ்வளவுதான் பேச்சு.

வீடே அதற்குத் தகுந்த மாதிரி மாறிப்போனது. குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டார். மேஜை முனைகளில் பஞ்சு வைத்துக் கட்டினார். கட்டில் போய்விட்டது, மூன்று பேருக்கும் தரையில் மெத்தை. இருந்தது இரண்டு அறையும் ஒரு சமையலறையும்தான், அதற்கு நாலு கடிகாரம், நாலிலும் விநாடி முள். அப்புறம் நோட்டு. அது அவர் கொண்டுவந்த ஏற்பாடு. கோடு போட்ட நீள நோட்டில் கட்டம் கட்டினார்: தேதி, நேரம், எத்தனை விநாடி, அப்போது என்ன செய்துகொண்டிருந்தாள், பார்த்தவர் யார். சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டினார். “இங்கயும் அட்டையா?” என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாலும், பிள்ளையைப் பார்த்துவந்த பெரிய டாக்டரம்மா அந்த நோட்டைப் பார்த்து அசந்துபோனார். “தலையில ஒயர் ஒட்டி அரை மணி நேரம் எடுக்கிற படத்துல எல்லாம் சிக்காது. இந்த நோட்டுதான் எனக்குக் கண்ணு” என்று சொன்னார். ஹெட்மாஸ்டருக்குப் பெருமை பிடிபடவில்லை.

மனைவி கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தவள். லென்ஸை அளவாகத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவாள், கையில் அவ்வளவு நிதானம். பிள்ளைக்காக வேலையை விட்டு நாலு வருஷம் வீட்டோடு கிடந்தாள். அந்த நாலு வருஷத்தில் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொண்டதை ஒரு சீட்டில் எழுதிவிடலாம். மாத்திரை கொடுத்தாச்சா, வந்துச்சா, எத்தனை விநாடி. சண்டைகூடப் போட்டுக்கொள்ளவில்லை, அதற்கும் தெம்பு வேண்டுமே.

ஒன்பதாவது வயதில் மாத்திரையில் வலிப்பு கொஞ்சம் கட்டுப்பட்டு வந்தது. நோட்டில் வரிகள் குறைந்தன. கடைக்காரர் கூப்பிட்டு அனுப்பினார், காலையிலிருந்து மதியம்வரை வந்தால் போதும் என்று. காலையில் பிள்ளையைக் கிளப்பிப் பள்ளியில் விடுவது அவர் பாடு, மதியத்துக்குமேல் கூட்டி வந்து பார்த்துக்கொள்வது அவள் பாடு என்று பிரித்துக்கொண்டார்கள். அதே மாதம் டாக்டரம்மா இன்னொன்றும் சொன்னார். இரண்டு மாத்திரையில் ஒன்று பிள்ளையின் கல்லீரலைத் தொந்தரவு செய்கிறது, கை நடுக்கமும் வகுப்பில் தூக்கமும் அதனால்தான். ஆறு மாதம் ஒன்றுகூட வராமல் இருந்தால் அதைப் பாதியாக்கலாம். அன்றிலிருந்து மூன்று பேருக்கும் அந்த ஆறு மாதம்தான் உலகம். பாப்பாவுக்கு ஸ்கேல் வைத்தால்கூடக் கோடு நேராக வராது, அது அவளுக்குப் பெரிய குறை.

வேலைக்குத் திரும்பிய முதல் வாரத்திலேயே மனைவி ஆளே மாறிவிட்டாள். ஒரு சாயங்காலம் அவர் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள்ளேயே சிரித்தாள். “ஒரு ஆளுங்க, இருபது ஃபிரேம் போட்டுப் பார்த்தாரு. கடைசியில ‘இதுதான் எனக்கு எடுப்பா இருக்கு, இதைப் போடுங்க’ன்னாரு. பார்த்தா அவர் போட்டுட்டு வந்த பழசு!” அவர் வாய்விட்டுச் சிரித்தார். பாப்பா சுவரில் சாய்ந்து இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை ஏழு ஐம்பது, மனைவி கடைக்குக் கிளம்பிப் போயிருந்தாள். அவர் பிள்ளைக்குத் தலை சீவிக்கொண்டிருந்தார். கண்ணாடியில் பார்த்தால் கண் குத்திட்டு நிற்கிறது, கை கவுனை இழுக்கிறது. கடிகாரத்தைப் பார்த்தார். பதினேழு விநாடி. “அப்பா, வகிடு கோணல்” என்று அவள் திரும்பி வந்தாள். அவர் சமையலறைக்குப் போய் நோட்டை எடுத்தார், பேனா மூடியைக் கழற்றினார். மனைவி வீட்டுக்குள் வந்ததும் முதல் வேலையாக இந்த நோட்டைத்தான் புரட்டுவாள். இந்த வரியைப் பார்த்தால் நாளைக்குக் கடைக்குப் போக மாட்டாள். நேற்று கேட்ட சிரிப்பு இனி எத்தனை வருஷம் கழித்தோ? பதினேழு விநாடிதானே என்று மூடியை மாட்டிவிட்டார். அவருக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் மாட்டிவிட்டார்.

ஒன்றை விட்டவருக்கு அடுத்ததை விடுவது கஷ்டமில்லை. இரண்டு மாதம் கழித்து ஒன்று, அப்புறம் இன்னொன்று. மூன்றையும் காதும் காதும் வைத்த மாதிரி தனக்குள்ளேயே வைத்துக்கொண்டார். நோட்டு வெள்ளையாகவே இருந்தது. வெள்ளையைப் பார்த்துப் பார்த்து மனைவி முகம் தெளிந்தது, பழைய கிண்டலெல்லாம் திரும்பி வந்தது. “உங்க அப்பா லிஃப்ட்ல ஏறினா லிஃப்டே அட்டென்ஷன்ல நிக்கும்” என்பாள். “உங்க அம்மா என்னைப் பார்க்கிறப்ப கண்ணாடி போடாம இருந்தா, அதான் கட்டிக்கிட்டா” என்பார் இவர். பாப்பா விழுந்து விழுந்து சிரிப்பாள்.

ஆறு மாதம் முடிகிற நாள் நெருங்கியது. இன்றைக்குச் சொல்லிவிடுவோம், நாளைக்குச் சொல்லிவிடுவோம் என்று நாளைத் தள்ளினார். ஆபீசில் யாரையும் திட்டவில்லை. ‘ஹெட்மாஸ்டருக்கு உடம்பு சரியில்லையா?’ என்று பேசிக்கொண்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ்ஸில் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை, மடியில் பையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். சந்தோஷத்தில் வாயடைத்துப்போய் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

டாக்டரம்மா நோட்டை நிதானமாகப் புரட்டினார். வயதான அம்மாள், சுருக்கமாகப் பேசுவார்.

“ஆறு மாசம். ஒண்ணுகூட இல்ல. பரவாயில்லையே!”

“கை நடுக்கம் போயிடுமா?” என்று பாப்பா கேட்டாள். பரிசோதனைக் கட்டில் மேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

“போயிடும். இன்னையிலிருந்து ஒரு மாத்திரை பாதி.” சீட்டை எடுத்து எழுத ஆரம்பித்தவர் நிமிர்ந்தார். “ஆனா ஒண்ணு. இது வழக்கமா நான் செய்யறதைவிட சீக்கிரம். கல்லீரலுக்காகத்தான் துணியறேன். உள்ளுக்குள்ள இன்னும் வந்துட்டிருந்து, நான் மாத்திரையைக் குறைச்சா, அது பெருசா வரும். அந்தப் பதினோரு நிமிஷம் மாதிரி இன்னொண்ணு வந்தா இவ இதயம் தாங்கும்னு என்னால சொல்ல முடியாது. அதனால கேக்கறேன். உறுதியா ஒண்ணும் வரலைதானே?”

பேனா மறுபடி சீட்டைத் தொட்டது. ஊரான் பயந்தால் படியேறிப் போகட்டும் என்ற நாமே, நம் வீட்டில் ஒருத்தி பயப்படக் கூடாதென்று பிள்ளையை அறுந்த கயிற்றில் ஏற்றி அனுப்பப் பார்த்தோமே என்று அவருக்கு உறைத்தது.

“எழுதாதீங்க டாக்டரம்மா” என்றார். “மூணு வந்துச்சு. நான் பார்த்தேன். எழுதலை.”

மனைவி மெதுவாகத் திரும்பினாள். இப்போது எரிமலை வெடிக்கும் என்று தலையைக் குனிந்துகொண்டார்.

“நாலு” என்றாள் அவள்.

“இல்லம்மா, மூணுதான். சத்தியமா.”

“உங்க மூணைச் சொல்லலைங்க. என்னோட நாலு.” பையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். “நீங்க ராத்திரியில எழுந்து எழுந்து பார்ப்பீங்களே, இப்பத்தான் அசந்து தூங்க ஆரம்பிச்சீங்க. எழுதினா மறுபடி தூங்க மாட்டீங்கன்னு... பாவி, நான் எழுதலை.”

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டார். முகத்தில் கோபம் கொதித்தது. “என்ன பண்ணி வச்சிருக்கீங்க ரெண்டு பேரும்? நான் யாரை நம்பி மருந்து எழுதறேன்? உங்களுக்குள்ள ஒருத்தரை ஒருத்தர் காப்பாத்திக்கிட்டு, நடுவுல இருக்கிற பிள்ளையை...” மேலே சொல்லாமல் நிறுத்திக்கொண்டார். பிள்ளை கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆடிக்கொண்டிருந்த கால் நின்றிருந்தது. “ஸ்கூல்ல வந்ததையும் சொல்லணுமா?” என்று கேட்டாள்.

மூன்று பேருக்கும் தூக்கிவாரிப் போட்டது.

“முன்னாடி வயித்துல ஒரு மாதிரி வரும். அப்புறம் பார்த்தா டீச்சர் வேற கணக்குல இருப்பாங்க. பென்சில் கீழ கிடக்கும்.” விரல்விட்டு எண்ணினாள். நடுங்கும் விரல்கள். “ஒம்பது. பக்கத்துல உக்கார்றவளுக்குக்கூடத் தெரியாது.”

“ஏண்டா கண்ணு? அம்மாகிட்டயாவது சொல்லியிருக்கலாமே!” என்றாள் மனைவி.

“நோட்டுல ஒண்ணும் இல்லன்னா நீங்க ரெண்டு பேரும் சிரிச்சுப் பேசறீங்க.” அதைக் குற்றமாகச் சொல்லவில்லை, வகுப்பில் கேள்விக்குப் பதில் சொல்வது மாதிரி சொன்னாள். “முன்னாடியெல்லாம் பேசவே மாட்டீங்க. என்னாலதானே அது.”

மனைவி எழுந்து போய்ப் பிள்ளையைக் கட்டிக்கொண்டாள். அவர் எழுந்திருக்கவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளை ஆறு மாதமாகத் தன்னந்தனியாக இதைச் சுமந்துகொண்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து தங்கள் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

டாக்டரம்மா எழுதிய சீட்டைக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். நோட்டை அவர் பக்கம் தள்ளினார். “எழுதுங்க. இங்கயே, இப்பவே.” பதினாறு வரி. அவருடைய மூன்றுக்கு நேரம், விநாடி எல்லாம் மனசில் அச்சடித்த மாதிரி இருந்தது. மனைவியின் நாலுக்கும் அப்படியே. பாப்பாவின் ஒன்பதுக்கு விநாடிக் கட்டம் காலி. ‘பார்த்தவர்’ என்ற கட்டத்தில் என்ன போடுவதென்று பேனாவை வைத்துக்கொண்டு திகைத்தார். “யாரும் இல்ல” என்று அவளே சொல்லிக் கொடுத்தாள். ஒன்பது தடவை அதை எழுதினார்.

“அப்ப மாத்திரை குறையாதா?” என்று பாப்பா கேட்டாள்.

“இப்போதைக்கு இல்லம்மா” என்றார் டாக்டரம்மா. “வேற மாத்திரைக்கு மெதுவா மாத்திப் பார்க்கலாம். நாளாகும்.” பாப்பா தன் கையைப் பார்த்துக்கொண்டாள். “இனிமே வீட்ல சிரிக்க மாட்டீங்களா?” என்று மட்டும் கேட்டாள். டாக்டரம்மா மேஜை இழுப்பறையைத் திறந்து எதையோ தேடினார்.

திரும்பும் பஸ்ஸில் மூன்று பேரும் ஒரே சீட்டில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள், பிள்ளை நடுவில். மதிய வெயில், கூட்டம் இல்லை. நாலாவது நிறுத்தம் தாண்டியதும் அது வந்தது. கண் முன்சீட்டுக் கம்பியில் குத்திட்டு நின்றது, கை கவுனை இழுத்தது. மனைவி தோளைச் சுற்றி அணைத்துக்கொண்டாள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முன்னால் உட்கார்ந்திருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார், பார்த்தால் பார்க்கட்டும்.

பத்தொன்பது விநாடி. கண் அசைந்தது. அவள் ஜன்னலைப் பார்க்கவில்லை, கம்பியைப் பார்க்கவில்லை. முதலில் அம்மா முகத்தைப் பார்த்தாள், அப்புறம் அப்பா முகத்தை. ஒவ்வொரு தடவையும் அவள் இப்படித்தான் பார்த்திருக்கிறாள். அப்போதெல்லாம் அவர் கண் கடிகாரத்தில் இருந்ததால் தெரியவில்லை.

“வந்துச்சாப்பா?”

“வந்துச்சு. பத்தொம்பது விநாடி.”

“பயந்துட்டீங்களா?”

‘இல்லையே, அப்பாவுக்கென்ன பயம்’ என்று சொல்லத்தான் வாய் பழகியிருந்தது. அதை முழுங்கினார். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்காமலே பிள்ளையைப் பார்த்தார்.

“ஆமாடா கண்ணு. ரொம்ப பயந்துட்டேன்.”

பாப்பா அவர் உள்ளங்கைக்குள் தன் கையை நுழைத்துக்கொண்டாள்.

“நானும்தான்பா” என்றாள். “ஒவ்வொரு தடவையும்.”

நாலு வருஷத்தில் அதை அவளிடம் யாருமே கேட்டதில்லை.